தேர்வு அறையில் நான் வாய் திறக்கவில்லை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் நடமாட்டத்தோடு இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் வேளாவேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி நல்லபடியாக இருக்கிறீர்கள் என்றே நினைத்துக்கொள்கிறேன். அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, யாராவது பார்த்துக்கொண்டிருந்தால் மட்டும் மாடிப்படியில் கொஞ்சம் கூடுகிறது. சமையலறைக் குழாய் ஒழுகுவது நின்றது, பதிலுக்குக் குளியலறைக் குழாய் ஆரம்பித்திருக்கிறது. ஒரு மாதத்துக்கு மேலாக நான் போனில் சரியாகப் பேசுவதில்லை என்று அப்பாவிடம் குறைப்பட்டாயாம், உண்மைதான், பேசினால் என் குரலே என்னைக் காட்டிக்கொடுத்துவிடும் என்று பயந்து இரண்டு வார்த்தையோடு போனை அப்பா கையில் கொடுத்துக்கொண்டிருந்தேன். இந்த விஷயம் கூடிய சீக்கிரம் வெளியே வரப்போகிறது. யார் யார் வாயிலிருந்தோ கேட்பதற்கு முன்னால் நீ என் கையெழுத்தில் படித்துவிடு.

எங்கள் நகரத் திட்டமிடல் துறையில் நான்கு வருடமாகக் காலியாகக் கிடந்த உதவிப் பேராசிரியர் இடத்தை நிரப்ப அனுமதி வந்தது என்று சொல்லியிருந்தேன் இல்லையா. ஸ்கேல் மேடம் என்று பிள்ளைகள் பட்டப்பெயர் வைத்திருக்கும் பகுதிநேர ஆசிரியையைப் பற்றியும் உனக்குத் தெரியும், பதினோரு வருடமாகக் கொண்டையில் பென்சிலைச் செருகிக்கொண்டு பிள்ளைகளைத் தெருத்தெருவாக நடத்திப்போய் நடைபாதையின் அகலத்தை அளக்கவைப்பவள். அவளுக்கென்று துறையில் மேசைகூடக் கிடையாது, பாதி அலமாரிதான். ஒவ்வொரு பருவம் முடியும்போதும் அடுத்த பருவத்துக்குக் கூப்பிடுவோமா மாட்டோமா என்று தெரியாமல் அதையும் காலிசெய்து வைத்துவிட்டுப் போவாள். இடம் வந்தால் உனக்குத்தான் என்று நான் ஒரு தடவை இல்லை, பல தடவை அவளிடம் சொல்லியிருக்கிறேன். விண்ணப்பித்த நாற்பத்தொரு பேரைச் சலித்துச் சலித்துக் கடைசியில் இரண்டு பேரில் வந்து நின்றது, அவளும், வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த ஓர் இளைஞனும். அந்தப் பையனைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது, போக்குவரத்தைக் கம்ப்யூட்டரில் ஓட்டிக் காட்டுவதில் கெட்டிக்காரன், பணிவானவன்.

தேர்வுக் குழுவில் துணைவேந்தரையும் வெளியிலிருந்து வந்த நிபுணரையும் துறைத்தலைவி என்று என்னையும் சேர்த்து நாங்கள் ஐந்து பேர். ஆளுக்கு இருபது நிமிடம் மாதிரி வகுப்பு எடுக்க வேண்டும். பையன் முடித்ததும் அவள் வந்து ஒரு பழைய வரைபடத்தைச் சுவரில் மாட்டினாள், பார்த்ததுமே எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. சுற்றுச்சாலைக்காக அப்புறப்படுத்திய கால்வாய்க்கரைக் குடியிருப்பு அது. அரசாங்க அறிக்கையில் முந்நூற்றுப் பன்னிரண்டு வீடு, அங்கே உண்மையில் இருந்தது முந்நூற்று ஐம்பத்தொன்பது என்றாள். மிச்சம் நாற்பத்தேழு எங்கே போயிற்று என்றால், கணக்கெடுப்பை ஒரே நாளில், வேலை நாளில், பட்டப்பகலில் முடித்திருக்கிறார்கள், சனங்கள் வேலைக்குப் போயிருந்ததால் பூட்டியிருந்த வீடுகளையெல்லாம் ஆளில்லாத வீடு என்று எழுதிவிட்டார்கள், அங்கேதான் இருந்தோம் என்று போய்ச் சொன்னதையும் பொய் என்று தள்ளிவிட்டதால் அந்தக் குடும்பங்களுக்கு மாற்று வீடு கிடைக்கவே இல்லை, ஒரு திட்டம் தப்பாகப் போவது பெரும்பாலும் இந்த மாதிரி ஒரு கட்டத்தில்தான் என்று நிதானமாக, குரலை உயர்த்தாமல் சொல்லிக்கொண்டு போனாள். இத்தனை வருடத்தில் அவ்வளவு நல்ல வகுப்பை நான் கேட்டதில்லை. நிபுணர் மட்டும் ஆதாரம் என்ன என்று விடாமல் கேட்டார். அங்கே குடியிருந்தவர்கள் சொன்னதுதான் என்றாள். வேறே என்று மறுபடியும் கேட்டார். அவள் கொஞ்சம் தயங்கி, "எங்க வீடும் அதுல ஒண்ணு சார். எனக்கு அப்ப ஏழு வயசு" என்றாள். சொந்த வீட்டு வருத்தம் ஆராய்ச்சி ஆகாது என்று அவர் தாளில் ஏதோ குறித்துக்கொண்டார்.

பாப்பா, அந்தக் கணக்கை எடுத்தவள் நான். பல்கலைக்கழகத்துக்கு வருவதற்கு முன்னால் நகராட்சித் திட்ட அலுவலகத்தில் இருந்தேனே, அப்போது. பூட்டியிருக்கும் வீட்டுக்குச் சாயங்காலம் மறுபடி போய்ப் பார்க்க வேண்டும் என்பதுதான் விதி. நீ என் வயிற்றில் ஏழு மாதம், கால் இரண்டும் வீங்கிச் செருப்புக்குள் நுழையவில்லை, பட்டியல் மறுநாள் காலையில் மேசையில் இருக்க வேண்டும் என்று அதிகாரி சொல்லியிருந்தார். உன்மேல் பழியைப் போடுகிறேன் என்று நினைக்காதே. கால் வீங்கியவள் இன்னொருத்தரை அனுப்பச் சொல்லியிருக்கலாம், ஒரு நாள் தவணை கேட்டிருக்கலாம், நான் இரண்டும் செய்யவில்லை. சில வீட்டு வாசலில் துவைத்த துணி சொட்டச் சொட்டத் தொங்கிக்கொண்டிருந்தது, அதைப் பார்த்துக்கொண்டேதான் ஆளில்லை என்று எழுதினேன். அறிக்கையில் அலுவலகத்தின் பெயர் மட்டும்தான் இருக்கும் என்பதால் ஸ்கேல் மேடத்துக்கு இது தெரிய வழியில்லை.

அவர்கள் இரண்டு பேரையும் வெளியே அனுப்பிவிட்டுப் பேச உட்கார்ந்தபோது இரண்டு பேர் அவள் பக்கம், இரண்டு பேர் பையன் பக்கம். துணைவேந்தர் என்னைப் பார்த்து, "நீங்க பழைய ஆளு மேடம். அந்தப் பூட்டின வீட்டு விஷயம் நம்புற மாதிரி இருக்கா?" என்று கேட்டார். ஒரு வார்த்தை போதும் பாப்பா. ஆமாம், நான்தான் எழுதினேன் என்றால் அவளுடைய ஆராய்ச்சி முழுக்க நிமிர்ந்து நின்றிருக்கும். நான், "நிச்சயமாத் தெரியல சார்" என்றேன். துறைத்தலைவிக்கே தெரியவில்லையே என்று அவள் பக்கம் இருந்த ஒருவர் மனம் மாறிவிட்டார், பையனுக்கு மூன்று ஓட்டு ஆனதும் என் ஓட்டுக்கு வேலையில்லாமல் போயிற்று, அதுவும் எனக்கு வசதியாக இருந்தது. ஐந்தாவதாகக் கையெழுத்துப் போட்டேன்.

மறுநாள் அவள் என் அறைக்கு வந்தாள், சண்டை போடத்தான் வருகிறாள் என்று நினைத்தேன், போட்டிருந்தால் தாங்கியிருப்பேன், அவளோ உங்களால் ஆனதைச் செய்திருப்பீர்கள் மேடம், நன்றி என்று சொல்லிவிட்டுப் போனாள். ஒன்பது நாள் சோறு இறங்கவில்லை. பத்தாம் நாள் அவள் வீட்டைத் தேடிப் போனேன், மூன்றாவது மாடியில் இரண்டு அறை, சுவரோரமாக வரைபலகை. உட்காராமலே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள், "எங்கம்மா சாகுற வரைக்கும் தன்னையேதான் திட்டிக்கிட்டா மேடம். அன்னிக்கு ஒரு நாள் வேலைக்குப் போகாம வீட்ல இருந்திருந்தா நமக்கும் வீடு கெடச்சிருக்குமேன்னு" என்றாள். அந்த அம்மா போய் எட்டு மாதம்தான் ஆகிறதாம். மன்னித்துவிடு என்று சொல்லத்தான் போயிருந்தேன், அந்த வார்த்தை எனக்கு வாயில் வரவில்லை. அவள் கேட்டது ஒன்றே ஒன்று, எழுதிக் கொடுப்பீர்களா என்று. அந்த வரைபலகை மேலேயே தாளை வைத்து எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

துணைவேந்தருக்கும் ஒரு பிரதி அனுப்பினேன். நியமன உத்தரவு போய்விட்டது, இனி மாற்ற முடியாது, ஓய்வுபெற இரண்டு வருடம் இருக்கும்போது இது எதற்கு என்று கூப்பிட்டுக் கேட்டார். அப்பாவுக்கும் முதலில் கோபம், முப்பது வருடத்துக்கு முந்தினதை ஏன் கிளறுகிறாய் என்று அன்று முழுக்கப் பேசவில்லை, மறுநாள் காலையில் என் பிரதியை வாங்கிப் படித்துவிட்டு ஓர் எழுத்துப் பிழையை மட்டும் பென்சிலால் திருத்திக் கொடுத்தார். ஸ்கேல் மேடம் இனி எங்கள் துறைக்கு வரமாட்டாள், வேறு ஊரில் ஒரு தொழிற்கல்லூரிக்குப் போய்விட்டாள். நான் எழுதிக் கொடுத்ததைச் சேர்த்து அவள் கட்டுரை வெளிவரும், அதில் என் பெயரும் இருக்கும். போவதற்கு முன்னால், நாற்பத்தேழு குடும்பத்தில் தேடிக் கண்டுபிடித்த இருபத்தாறு குடும்பங்களின் முகவரியை எனக்கு அனுப்பியிருந்தாள், அன்புள்ள என்றோ இப்படிக்கு என்றோ ஒரு வார்த்தை இல்லை. ஒவ்வொரு வீடாகப் போய் நேரில் சொல்கிறேன். அப்பாவும் கூட வருகிறார், உள்ளே வரமாட்டார், தெருமுனையில் நிற்பார்.

போன ஞாயிற்றுக்கிழமை முதல் வீடு. செருப்புத் தைக்கும் பெரியவர், மகளோடு இருக்கிறார். நான் சொல்லி முடித்தேன். "அப்ப நாங்க பொய் சொல்லலைன்னு எழுதிக் குடுத்திருக்கீங்க?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். உள் அறையில் படுத்திருந்த மனைவிக்குக் காது மந்தமாம், கட்டில் பக்கத்தில் எனக்கு நாற்காலி போட்டு, இன்னொரு தடவை சத்தமாகச் சொல்லச் சொன்னார். சொன்னேன் பாப்பா.

என்மேல் கோபம் வந்தால் அடக்காதே, அப்பாவிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் என்னிடமே கேள். நீங்கள் இருவரும் நோய் நொடி இல்லாமல், யாருக்கும் தலைகுனிய வேண்டாதபடி நெடுநாள் நிறைவாக வாழ வேண்டும், என் ஆசி எப்போதும் உங்களுக்கு உண்டு. பல் டாக்டரைப் பார்ப்பதை இனியும் தள்ளிப்போடாதே.

உன்மேல் உயிராக இருக்கும்,
அம்மா