மண்ணுக்கப்பல் மாப்பிள்ளை

12-6-1961, திங்கள்

இன்று என் வீட்டில் இருந்தவர்கள் பெயரை எழுதி வைக்கிறேன். பிறகு யாரும் நான் அங்கே இல்லை என்று சொல்லிவிடக்கூடாது. என் மகள் சம்சுன் நிஹார். அவள் பெற்ற ரஹீமா, மூன்று வயது, இன்றுதான் முகம் பார்க்கிறேன். என் தம்பி ஜைனுதீன், சோற்று நேரம் பார்த்து வந்தவன். வாசலில் மீன்கூடையோடு ராக்காயி. அப்புறம் மருமகன் ஷேக் பரீது. கதவுக்குப் பின்னால் சாரா உம்மாளாகிய நான்.

மருமகன் வேலை பார்க்கிற மண்ணுக்கப்பல் நம் ஜெகதாப்பட்டினத்துக் கடலுக்கே வந்துவிட்டது. கரைக்கு எதிரே கிடக்கிற மணல்திட்டை உறிஞ்சி எடுத்து, படகு வந்துபோக வழி வெட்டப் போகிறார்களாம். வேலை முடிகிறவரை மூன்று பேரும் இங்கே. முடிந்ததும் கப்பல் எங்கே போகிறதோ அங்கே.

கல்யாணமான ஈரம் காய்வதற்குள் என் மகளைக் கொச்சிக்குக் கூட்டிப் போனவர் இவர். "கப்பல்ல வேலைன்னாலும் கரையிலதான் ராத்தா இருப்பாரு" என்று சொல்லிச் சம்மதிக்க வைத்தவன் ஜைனுதீன். இரண்டு பேரையும் நான் மறக்கவில்லை.

பிள்ளை என்னைக் கண்டதும் ஓவென்று அழுதது. அத்தாவின் குணம் அப்படியே.

15-6-1961

மருமகன் முன்னால் மாமியார் வந்து நிற்பது எங்களில் வழக்கம் இல்லை. அவர் கூடத்தில் சாப்பிடுவார், நான் அடுப்படிக் கதவுக்குப் பின்னால். நடுவில் ரஹீமா.

"ரஹீமா, ஒங்க அத்தாட்ட கேளு, கொழம்பு நல்லாருக்கான்னு."

"ரஹீமா, நன்னிட்ட சொல்லு, நல்லாருக்கு. உப்பு மட்டும் ஒரு கல்லு கூட."

ஒரு கல்லு கூடவாம்! கொச்சியில் தேங்காயை அரைத்துக் கொட்டி உப்பே இல்லாமல் தின்றவருக்கு என் குழம்பு உப்பு. இருக்கட்டும்.

23-6-1961, வெள்ளி

ஜும்மா முடிந்து வந்து சாப்பிட்டார். பிள்ளை பாயில் தூங்கிப் போயிருந்தது. ஆனாலும் அதனிடம்தான் இருவரும் பேசினோம். சம்சு முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரிக்கிறாள்.

"ரஹீமா, அந்தக் கப்பல் எப்பிடித்தான் மண்ண அள்ளுதுன்னு ஒங்க அத்தாட்ட கேளு."

சோறு ஆறுவது தெரியாமல் சொன்னார் மனுஷன். "ரஹீமா, நன்னிட்ட சொல்லு. யானைத் தும்பிக்கையாட்டம் ஒரு குழாயக் கடலுக்குள்ள எறக்குவோம். அது மண்ணையும் தண்ணியையும் சேத்து உறிஞ்சிக் கப்பல் வயித்துல கொட்டும். குழாய ரொம்ப அழுத்துனா மண்ணு அடைச்சுக்கும். தூக்கிப் புடிச்சா வெறுந்தண்ணிதான் வரும். அந்த நெதானம் நம்ம கையிலதான் இருக்கு."

"வயிறு ரொம்புனதும் நிறுத்திருவாகளான்னு கேளு."

"அங்கதான் எல்லாரும் ஏமாந்து போறாக. ரொம்பிருச்சேன்னு நிறுத்துனா பாதிக்கு மேல தண்ணி. கடலயே சொமந்துக்கிட்டுப் போயி கடல்லயே ஊத்துற மாதிரி. நிறுத்தக்கூடாது. மேல தண்ணி வழிய வழிய இழுத்துக்கிட்டே இருக்கணும். மண்ணு அடியில தங்கும். வழியிறது தெளிவா இருக்குற மட்டும் இழுக்கலாம். கலங்கி வழிஞ்சா மண்ணும் கூடப் போகுதுன்னு அர்த்தம். அப்பத்தான் நிறுத்தணும்."

கப்பலின் அடிப்பக்கம் சிவப்புச் சாயம் அடித்திருக்கிறது. முழுச்சுமை மண் ஏறினால் சிவப்பு தண்ணீருக்குள் போய்விடுமாம். இவர் கைக்கு நிறைகிற மாதிரி அந்தக் கப்பலில் யார் கைக்கும் நிறையாது என்று சம்சு சொல்கிறாள். புருஷன் பெருமை. நான் கேட்டேனா?

2-7-1961

ரஹீமா இன்று என் மடியில் உட்கார்ந்து இடியாப்பம் தின்றது. அழவில்லை.

8-7-1961

கொல்லைப் படலைத் தள்ளினால் கடல். காலையில் பாத்திரம் கழுவப் போகிறபோதெல்லாம் பார்க்கிறேன். கப்பல் திட்டின் ஓரமாக ஊர்ந்து ஊர்ந்து குடிக்கிறது. பிறகு வயிறு கனத்து ஆழத்துக்குப் போகிறது, மண்ணைக் கொட்ட. போகிறபோது சிவப்பு ஒரு விரல்கூடத் தெரிவதில்லை. திரும்பி வருகிறபோது சிவப்பெல்லாம் வெளியே, சீலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வருகிற பொம்பளை மாதிரி.

ராக்காயிக்கு அதைப் பார்த்தால் வயிற்றில் பால் வார்த்தது போல. போன வருஷம் வாடைக்காற்றில் அவள் கொழுந்தன் உடையப்பன் அந்தத் திட்டில் மோதித்தான் போனான், கரையிலிருந்து கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில். அதே படகில் இருந்த அவள் புருஷன் பெரியகருப்பன் எப்படியோ நீந்தி வந்தான். "வாடைக்கு முந்தி வழி தெறந்துட்டாப் போதும் ஆத்தா" என்கிறாள் கூடையை இறக்கும்போதெல்லாம்.

நான் ஆமாம் என்கிறேன். மனதுக்குள் வேறு ஓடுகிறது. நன்றாக நிரப்புகிறவர் சீக்கிரம் முடிப்பார். சீக்கிரம் முடித்தால்?

14-7-1961, வெள்ளி

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேனா? அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பிள்ளை தூங்குகிறது. "ரஹீமா, ஒங்க அத்தா கப்பல் கொஞ்சம் மெதுவா ரொம்புனாத்தான் என்ன? யாரு வெரட்டுறா?" என்று சொல்லிவிட்டேன்.

ரசத்தை ஊற்றச் சொல்லிச் சாப்பிட்டார். முடித்துவிட்டு, "ரஹீமா, நன்னிட்ட சொல்லு, ரசம் நல்லாருக்கு" என்றார்.

30-7-1961

குழாயில் மண்ணோடு வந்து சிக்கிய சோழிகளைக் கழுவி, மடியில் கட்டிக்கொண்டு வந்து பிள்ளைக்குக் கொடுத்தார். பிள்ளை அதில் ஒன்றை எடுத்து என் கையில் வைத்து மூடியது. நல்ல வழுவழுப்பு. அவர் கொடுத்தது என்பதற்காகத் தூரவா எறிய முடியும்?

5-8-1961

கப்பல் இன்று சிவப்பு தெரியத் தெரியச் சுமை கொண்டுபோகிறது. நேற்றும் அப்படித்தான். ஏதோ சீக்கு பிடித்திருக்கிறது. நல்ல சீக்கு.

19-8-1961

இன்றும் சிவப்பு. நபி பிறந்த மௌலூது மாதம், நேர்ச்சைச் சோறு ஆக்கினேன். பிள்ளை எனக்கு முன்னால் வந்து நின்று "நன்னி, கறி" என்றது. நன்னி! நான் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. ஜைனுதீனிடம் மட்டும் சொன்னேன், ராக்காயியிடம் சொன்னேன், தண்ணீருக்கு வந்த பிள்ளைகளிடம் சொன்னேன்.

இந்தக் கப்பல் இப்படியே நோஞ்சானாகக் கிடந்தால் அடுத்த நோன்புப் பெருநாளும் இங்கேதான் இவர்களுக்கு. ஆண்டவன் என் பக்கம்.

4-9-1961

ராக்காயி கூடையை இறக்கவே இல்லை. தலையில் வைத்தபடியே கேட்டாள். "என்னாத்தா, ஒங்க மருமவன் கடலயே ரொப்பிக்கிட்டுப் போயி கடல்லயே ஊத்துறாராமே. கரையே சிரிக்குது."

"எவன் சிரிக்கிறான்?"

"எல்லாந்தான். மொத மாசம் பாதித் திட்டத் தின்ன கப்பலு, இப்ப நக்கிப் பாத்துட்டுப் போவுதாம். தண்ணி மாப்ளன்னு பேரு வச்சுட்டானுங்க."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. என் மருமகனை நான் பேசுவேன். ஏழு தலைமுறைக்குப் பேசுவேன். ஊர் யார் பேசுவதற்கு? "போடி, போயி ஒன் மீனப் பாரு" என்றேன்.

அவள் போகவில்லை. கூடையை இறக்கிவிட்டு உட்கார்ந்தாள். குரல் மாறிவிட்டது. "காத்து மாறப் போவுது ஆத்தா. எம் புருசனக் கடலுக்குப் போவாதன்னு சொன்னா, ஒல எதுல வைப்பங்குறாரு. திட்டு அப்பிடியே கெடக்கு."

அவள் கொண்டுவந்த மீனை இன்று என்னால் தின்ன முடியவில்லை.

8-9-1961, வெள்ளி

மருமகன் பள்ளிவாசலுக்குப் போன நேரம் பார்த்து மகளைப் பிடித்தேன்.

"சம்சு, ஒம் புருஷன் கைக்கு என்ன வந்துச்சு?"

"கைக்கு ஒண்ணும் வரலம்மா."

"பின்ன கப்பலுக்கா?"

"கப்பலும் நல்லாத்தான் இருக்கு. நீங்கதான மெதுவா ரொப்பச் சொன்னீங்க?"

"நானா!"

"ரஹீமாட்ட சொன்னீங்களாம்ல. கல்யாணமாகி மாமி தனக்குன்னு கேட்ட மொத விஷயம், நான் எப்பிடி மாட்டேங்குறதுன்னாரு. தண்ணி வழியிறதுக்கு முன்னாடியே குழாயத் தூக்கிர்றாரு. ஆபீசர் கத்துறாராம், வேற ஆளப் போட்ருவேன்னு. அப்பவும் வாயத் தெறக்கல."

அட பைத்தியக்கார மனுஷா. ஒரு கிழவி அடுப்படியில் நின்று ஏதோ உளறினால் அதற்காகப் பேரைக் கெடுத்துக்கொள்வதா? தண்ணி மாப்பிள்ளை என்று ஊர் கூப்பிட்டபோது என் பக்கம் கையைக் காட்டியிருக்கலாம். காட்டவில்லை. இத்தனை வருஷம் நான் இவரைப் பற்றி என்னென்ன நினைத்தேன். எனக்குக் கோபம் வந்தால் யார்மேல் வைப்பது என்றே தெரியவில்லை.

சாப்பிட வந்தார். சோறு வைத்தாள் சம்சு. நான் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கதவைத் தாண்டிக் கூடத்துக்கு வந்தேன். சோற்றுக் கையோடு எழுந்துவிட்டார்.

"உக்காருங்க மாப்ள. சோத்துல எந்திரிக்கக் கூடாது."

உட்கார்ந்தார். தலையைத் தூக்கவே இல்லை.

"நான் சொன்னத விட்ருங்க. நல்லா ரொப்புங்க. செவப்பு தெரியக் கூடாது."

"நல்லா ரொப்புனா வாடைக்கு முன்னாடி முடிஞ்சுரும் மாமி."

"முடியட்டும்."

"முடிஞ்சா மறுநாளே கெளம்பச் சொல்லிருவாங்க."

"தெரியும். அதுக்காக ராக்காயி புருஷன் அந்தத் திட்டுல மோதிச் சாகணுமா? ரொப்புங்க."

"சரிங்க மாமி."

ரஹீமா விழித்துத்தான் இருந்தது. தன்னிடம் யாரும் எதையும் கேட்கச் சொல்லவில்லையே என்று எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தது. நான் உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டேன். மருமகன் முகத்தை இன்றுதான் நேராகப் பார்த்தேன். காதோரம் நரைத்திருக்கிறது. இந்த வயதில் ஏன் நரைக்கிறது? என் மகள் எண்ணெய் தேய்த்து விடுகிறாளா இல்லையா?

11-9-1961

சிவப்பு மறைந்தது. ஒரு விரல்கூட இல்லை. சினையாட்டைப் போல நடந்து போகிறது கப்பல்.

21-9-1961

ஊரே கரையில் நின்று வேடிக்கை பார்க்கிறதாம். சேறு வருகிற இடத்தில் சட்டென்று நிறுத்திவிடுகிறார், சேறு தங்காது, தண்ணீரோடு வழிந்துவிடும் என்று. மணல் வருகிற இடத்தில் விடாமல் இழுக்கிறார். ஒரு பக்கம் சாயாமல் வயிறு முழுக்கச் சமமாகப் பரப்புகிறார். இதெல்லாம் ஜைனுதீன் வந்து எனக்குச் சொல்கிறான், அவனே குழாய் பிடிப்பது மாதிரி. "நான் பாத்த மாப்ள ராத்தா, சும்மாவா?" என்கிறான். தண்ணி மாப்பிள்ளை என்று ஊர் பேசிய மாதம் பூராவும் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்காதவன்.

இப்போது அவருக்கு நானே பரிமாறுகிறேன். இன்று "உப்பு எப்பிடி மாப்ள?" என்று நேரிலேயே கேட்டேன். "சரியா இருக்குங்க மாமி" என்றார். பொய். நானும் ருசி பார்த்தேனே, இரண்டு கல் கூடத்தான்.

3-10-1961

ஐப்பசி கடைசி மட்டும் ஆகும் என்று ஜைனுதீன் சொல்கிறான். போதும். ரஹீமாவுக்குப் பாவாடை ஒன்று தைத்து முடித்துவிடலாம். பாய் முடையக் கோரை வாங்கியிருக்கிறேன், அதையும் முடித்துக் கொடுத்துவிடலாம். கார்த்திகைக்குள் காற்று வராது.

9-10-1961

முடிந்துவிட்டதாம்.

அளவு பார்க்கிறவர்கள் வந்து ஈயக்குண்டைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்த்தார்களாம். சொன்ன ஆழம் வந்துவிட்டது. திட்டு நடுவாக வழி. கோரை இன்னும் நனைக்கவே இல்லை.

11-10-1961

சம்சுவும் பிள்ளையும் பஸ்ஸில் அறந்தாங்கி போய் அங்கிருந்து ரயில். அவர் கப்பலோடு. பிள்ளையை ஏற்றிவிட்டுத் திரும்ப வீட்டுக்கு வந்து, கதவுக்கு முன்னால் நின்று, "போயிட்டு வர்றேன் மாமி" என்றார். நடுவில் யாரும் இல்லை. "தலைக்கு எண்ணெய் வைங்க" என்றேன்.

பாவாடையில் ஒரு பக்கம் மடித்துத் தைக்காமலே கொடுத்தனுப்பினேன்.

20-10-1961

எழுத ஒன்றும் இல்லை.

14-11-1961

காலையிலிருந்து வாடை. கடல் கொல்லைப் படல்வரை நுரை துப்புகிறது. படகெல்லாம் கடலுக்குள்ளே இருக்கிறது என்று ஊர்ப் பொம்பளைகள் கரையில் போய் நின்றார்கள். நான் படலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு படகின் பாய் தெரிந்தது, அப்புறம் மறைந்தது. போன வருஷம் இதே மாதிரிதான் மறைந்தது. மறுபடி தெரிந்தது. ஒன்றன்பின் ஒன்றாகப் படகுகள் புது வழியில் உள்ளே நுழைந்தன, பட்டிக்குத் திரும்புகிற ஆடு மாதிரி. ஒன்றுகூடத் தட்டவில்லை.

மத்தியானம் ராக்காயி வந்தாள். நல்ல கொடுவா ஒன்றை முறத்தில் வைத்தாள். "எங்க வீட்டு மனுசன் நேரா வந்தாராம் ஆத்தா. திட்டு கெடந்த எடமே தெரியலயாம்" என்றாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று அவளுக்கே தெரியவில்லை. "ஒங்க மருமவன் நல்லாருக்கணும். நீங்க ரொப்பச் சொன்னத சம்சு சொல்லுச்சு, ஒங்க வாய்க்கும் சக்கர போடணும்."

நல்லாருக்கட்டும். நான் வேண்டாம் என்றா சொன்னேன்?

மீன் பெரியது. ஒருத்திக்கு எப்படி ஆக்குவது என்று தெரியாமல் பாதியை ஜைனுதீனுக்கு அனுப்பினேன். கல்யாண விஷயத்தில் அவன்மேல் இருந்ததை இன்றோடு விட்டுவிட்டேன். தண்ணி மாப்பிள்ளை என்று பேர் வைத்தவர்களையும் விட்டுவிட்டேன், அவர்கள் படகும் இன்று கரை வந்தது.

ஆனால் ஒன்று கேட்கிறேன். வாடைக்கு முந்தி முடித்தால் போதும் என்றுதானே சொன்னேன்? வாடை வர இன்னும் ஒரு மாதம் கிடக்கும்போதே முடிக்கச் சொன்னேனா? அந்த ஒரு மாதமும் ரஹீமா இந்தக் கூடத்தில் ஓடியிருக்கும். ரொப்புங்கன்னு ஒரு வார்த்தை சொன்னா இப்பிடியா ஒரு மனுஷன் ரொப்புறது? வரட்டும். முகத்துக்கு நேரே நின்று கேட்கிறேன்.

யாரை விட்டாலும் அவரை மட்டும் மன்னிக்க மாட்டேன். ஷேக் பரீது.