தலைகீழ் ரயிலில் முன் சீட்டு

அன்பு மகளுக்கு உன் அம்மா எழுதிக்கொண்டது. இங்கே எங்கள் எல்லோருக்கும் உடம்பு ஓடிக்கொண்டிருக்கிறது, நீயும் மாப்பிள்ளையும் அங்கே நேரத்துக்குச் சாப்பிட்டு நேரத்துக்குத் தூங்கி நன்றாக இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே பேனாவை எடுத்தேன். தினமும் போனில் பேசுகிறவளுக்குத் திடீரென்று என்ன கடிதம் என்று நீ கேட்பாய். போனில் பேசினால் இந்த வீட்டில் சுவரும் சேர்ந்து கேட்கிறது. உன் அப்பா ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுத்தான் ஹலோவே சொல்கிறார், உன் அண்ணன் மகள் பாதியில் வந்து பிடுங்கிக்கொண்டு போய்விடுகிறாள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள் என்றாலும் என் கையெழுத்தை இன்றைக்கும் ஒருத்தர் குறை சொல்ல முடியாது, அதனால் எழுதுகிறேன். கடைசி வரைக்கும் படி, பாதியில் வைத்துவிட்டு எனக்குப் போன் போடாதே.

இந்தக் கோடை விடுமுறைக்கு எல்லோரையும் அந்தப் பெரிய விளையாட்டுப் பூங்காவுக்குக் கூட்டிப்போகிறேன் என்று நீ சொன்னாலும் சொன்னாய், இங்கே வீடு வீடாக இல்லை. உன் அண்ணன் மகளுக்கு மேனேஜர் என்று உன் அப்பா பெயர் வைத்தாரே, அது பொருத்தமாகத்தான் இருக்கிறது. பூங்காவின் படத்தைச் சாப்பாட்டு மேஜைக்கு நேராக ஒட்டி வைத்திருக்கிறாள். கதவு திறந்ததும் முதலில் எங்கே ஓட வேண்டும், வெயில் ஏறினால் எந்தத் தண்ணீருக்குள் இறங்க வேண்டும், யார் பக்கத்தில் யார் உட்கார வேண்டும் என்று அத்தனையும் முடிவாகிவிட்டது. என் பேத்தி என்பதற்காகச் சொல்லவில்லை, ஒன்பது வயதில் இந்த மூளை யாருக்கு இருக்கிறது. லாண்டரியில் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிவிட்டேன், முதலாளியம்மாகூட லீவு தருகிறேன், இனிமேல் அந்தப் பூங்காக் கதையைச் சொல்லாதே என்று கையெடுத்துக் கும்பிட்டாள்.

உன் அப்பா பஸ் ஓட்டிய காலம் முடிந்தும் கால் இன்னும் பிரேக்கைத் தேடிக்கொண்டுதான் இருக்கிறது, ஒவ்வொரு ராட்டினத்தின் படத்தையும் காட்டி இதற்கு பிரேக் யார் கையில் இருக்கிறது என்று கேட்கிறார். வெளிச் சாப்பாடு உள்ளே கொண்டுபோகக் கூடாதாம், அதைக் கேட்டதிலிருந்து அவருக்கு மூக்குக்கு மேலே கோபம், அவித்த முட்டையை எந்தப் பையில் ஒளிப்பது என்று அவர் ஒரு பக்கம் திட்டம் போடுகிறார். உன் அண்ணன் லிப்ட் மெக்கானிக் புத்தியை விடுவானா, லீவிலும் போல்ட்டைத்தான் எண்ணுவான். என் கதை உனக்குத் தெரிந்ததுதான். இந்த ஊரில் பாதி லிப்டைப் பழுது பார்க்கிறவனைப் பெற்றவள் முட்டியைப் பிடித்துக்கொண்டு படியேறிப் போகிறாள் என்று ஆளாளுக்குச் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும் என்று நானும் ஏறிக்கொண்டே இருக்கிறேன். கதவு சாத்திக்கொண்டு தரை மேலே போகிற சமாசாரம் எனக்கு ஒத்துவராது. அதனால்தான் மேனேஜர் தன் திட்டத்தில் என்னைப் பெஞ்சில் உட்காரவைத்து எல்லோருடைய பையையும் என் மடியில் வைத்துவிட்டாள். நானும் சந்தோஷமாகத் தலையாட்டிவிட்டேன்.

தொப்பி வாங்கியாயிற்று, சீக்கிரம் காயும் துணியாகப் பார்த்து எடுத்துவைத்தாயிற்று, ஆனால் எனக்கு ஒரு இடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. அடுப்பில் தண்ணீரை வைத்துவிட்டு மாடியில் துணி எடுக்கப் போகிறேன், மாடிக்குப் போனதும் எதற்கு வந்தேன் என்று நிற்கிறேன். போன வாரம் பல் டாக்டரின் வெள்ளைக் கோட்டைக் கறிக்கடைக்காரரிடமும் அவருடையதைப் பல் டாக்டரிடமும் கொடுத்துவிட்டேன். கறிக்கடைக்காரர் அதைப் போட்டுக்கொண்டு மூன்று நாள் வியாபாரம் பார்த்திருக்கிறார், "இப்பதான் ஜனங்க என்கிட்ட பயந்து பேசுறாங்க, இதையே வெச்சுக்கிறேனே" என்றார். முதலாளியம்மா சிரித்தாள், எனக்குச் சிரிப்பு வரவில்லை. இத்தனை வருஷத்தில் ஒரு கைக்குட்டை மாறியதில்லை. நீ வெயிலுக்கு முகத்தில் பூசுகிற கிரீமை அங்கேயே வாங்கி வந்துவிடு, இங்கே கிடைப்பது உனக்கு அரிக்கும். பார், சொல்ல வந்ததை விட்டுவிட்டு கிரீமுக்கு வந்துவிட்டேன்.

இனிமேல் சுற்றிவளைக்காமல் சொல்லிவிடுகிறேன். உன் அண்ணி உண்டாகியிருக்கிறாள். இப்போது மூன்றாம் மாதம் நடக்கிறது, நீங்கள் வருகிற நேரத்துக்கு நான்கு பிறந்திருக்கும். எனக்கும் உன் அண்ணனுக்கும் மட்டும்தான் தெரியும். உன் அப்பாவிடம் சொல்லவில்லை, அவரிடம் சொல்வதும் பஸ் ஸ்டாண்டில் மைக் வைத்துச் சொல்வதும் ஒன்று. மேனேஜருக்கும் தெரியாது. ஒரு நாள் மருந்துக்கடை வேலை முடிந்து என்னைக் கூட்டிப்போக லாண்டரிக்கு வந்த உன் அண்ணி இஸ்திரி ஆவி பட்டதும் வாயைப் பொத்திக்கொண்டு பின்பக்கம் ஓடினாள், நான் பின்னாலேயே போய் முதுகைத் தடவிவிட்டேன், அங்கேயே சொன்னாள். சொல்லிவிட்டு அடுத்த மூச்சிலேயே, "அத்தை, அவகிட்ட மட்டும் இப்ப சொல்லாதீங்க, ஊருக்கு வந்து சிரிச்சுட்டுப் போகட்டும், அப்புறம் நானே சொல்லிக்கிறேன்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். நானும் சரி என்று சொல்லிவிட்டேன். சொன்ன வார்த்தையைத்தான் இந்தக் கடிதத்தில் மீறிக்கொண்டிருக்கிறேன்.

உனக்குக் கோபம் வரும். வரட்டும். ஆனால் அவள் ஏன் அப்படிச் சொன்னாள் என்பதையும் நினைத்துப் பார். இரண்டு தடவை உனக்குத் தங்காமல் போனது. போன வருஷம் இரண்டாவது தடவை நீ ஆஸ்பத்திரியில் கிடந்தபோது என் பாஸ்போர்ட் வந்து சேரவில்லை, நான் இங்கே உட்கார்ந்து ஊராருடைய சட்டையை மடித்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு நீ பேசினது எல்லாம் சாப்பிட்டாச்சு, வேலை இருக்கு, வைக்கிறேன், அவ்வளவுதான். இந்தப் பூங்காப் பேச்சு எடுத்த பிறகுதான் உன் குரல் பழையபடி ஆனது. சத்தம் போட்டுச் சிரித்தாய், அப்பாவைக் கிண்டல் செய்தாய். அதைக் கேட்டுவிட்டு உன் அண்ணி சமையலறையில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்தேன். அந்தக் குரலைத் தன் வாயால் மறுபடி அணைத்துவிடக் கூடாது என்று பயப்படுகிறாள். காலேஜில் உன்கூட ஒரே பெஞ்சில் இருந்தவள், நீதானே அவளை இந்த வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தாய். அவளுக்கு நீ நாத்தனார் ஆவதற்கு முன்னாலேயே சிநேகிதி.

அதுவரைக்கும்கூட நான் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் அவளிடம், அந்தத் தலைகீழாகப் போகிற பெரிய ரயிலில் முன் சீட்டு நமக்குத்தான், காலேஜில் ராட்டினத்தில் ஏறாமல் ஓடினாயே, அன்றைக்கு மாதிரி இப்போதும் ஓடினால் காலைப் பிடித்து இழுத்து ஏற்றுவேன் என்று சொன்னாய் இல்லையா. அவளும் சிரித்துக்கொண்டே, "ஓட மாட்டேன்டி, வரேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டாள். போனை வைத்ததும் மேனேஜர் பூங்காக்காரர்கள் போட்டிருக்கிற விதிகளை எங்களுக்குப் படித்துக்காட்டினாள். இதய நோய் இருப்பவர்கள் ஏறக் கூடாது, முதுகு வலி இருப்பவர்கள் ஏறக் கூடாது, கர்ப்பிணிகள் ஏறக் கூடாது. படித்து முடித்துவிட்டு, "நம்ம வீட்டுல இது எதுவும் யாருக்கும் இல்ல, எல்லாரும் பாஸ்" என்று பேனாவால் ஒரு கோடு போட்டாள். உன் அண்ணன் என்னைப் பார்த்தான், நான் மேஜையைப் பார்த்தேன், உன் அண்ணி எழுந்து போய்க் கழுவி வைத்திருந்த தட்டுகளை எடுத்து மறுபடியும் கழுவினாள்.

நான் பின்னாலேயே போய், கடைசி நேரத்தில் தலைசுற்றுகிறது என்று சொல்லி ஒதுங்கிவிடு என்றேன். அவள் என்ன சொன்னாள் தெரியுமா. "நான் ஒதுங்கினா அவ விடமாட்டா அத்தை, மூஞ்சியப் பாத்தே கண்டுபிடிச்சுடுவா. அத்தனை பேர் நடுவுல, அந்தச் சத்தத்துல, அவளுக்கு அது தெரிய வேண்டாம். ரெண்டு நிமிஷம்தானே, ஏறிட்டு இறங்கிடுறேன், தெரியாம ஏறினவங்களுக்கு ஒண்ணும் ஆகலன்னு படிச்சேன்" என்றாள். மருந்துக்கடையில் நாலு பேருக்கு இதைச் சாப்பிடாதே அதைச் சாப்பிடாதே என்று சொல்கிறவள் பேசுகிற பேச்சா இது. உனக்கு வலிக்கக் கூடாது என்று அவள் அந்தச் சீட்டில் ஏறிவிடுவாள், விஷயம் தெரியாமல் நீயே அவள் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைப்பாய். நாளைக்கு ஏதாவது ஒன்று என்றால் நீங்கள் இரண்டு பேரும் ஒருத்தி முகத்தை ஒருத்தி எப்படிப் பார்ப்பீர்கள். பையை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்து அதை நான் எப்படிப் பார்ப்பேன். அதற்கு நீ இப்போதே, உன் வீட்டுக்குள்ளே, கதவைச் சாத்திக்கொண்டு இதைத் தெரிந்துகொள்வது மேல் என்று எனக்குப் பட்டது. தப்பாக இருந்தால் என்னைத் திட்டு, அவளை விட்டுவிடு.

சந்தோஷப்படு என்று நான் சொல்ல மாட்டேன், அது தானாக வரும்போது வரட்டும். அழ வேண்டும் போலிருந்தால் மாப்பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அழு, பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுகிற வேலை வேண்டாம், அந்தப் பழக்கம் யாரிடமிருந்து உனக்கு வந்தது என்று எனக்குத் தெரியும். டிக்கெட்டைக் கேன்சல் செய்யாதே. நீ வராமல் இருந்தால் அவள் அதைத் தன் தலையில் போட்டுக்கொள்வாள், வயிற்றில் இருப்பதையும் சேர்த்து நொந்துகொள்வாள். மனசு கொஞ்சம் அடங்கிய பிறகு அவளுக்குப் போன் போடு, எனக்கு வேண்டாம். அவள் மத்தியானம் மருந்துக்கடையில் தனியாக இருப்பாள், அப்போது போடு. பெரிதாக ஒன்றும் பேச வேண்டாம், முன் சீட்டில் அம்மா உட்காரப்போகிறாளாம், நீ பெஞ்சில் பையைப் பார்த்துக்கொள் என்று மட்டும் சொல். அவள் புரிந்துகொள்வாள், உங்கள் இரண்டு பேருக்கும் பாதி வார்த்தை போதுமே.

நிஜமாகத்தான் சொல்கிறேன், சிரிக்காதே. டாக்டரிடம் போய்க் கேட்டேன், பிரஷர், இதயம், முதுகு எதிலும் குறை இல்லை, முட்டி மட்டும்தான் முனகுகிறது, முட்டிக்கு அந்த ரயிலில் வேலை இல்லையாம். இந்த வயதில் எதற்கம்மா இந்த ஆசை என்றார், ஆசை இல்லை டாக்டர், அவசரம் என்றேன். நேற்று பல் டாக்டரின் கோட்டை மறுபடி துவைத்து எடுத்துக்கொண்டு அவர் கிளினிக்குக்குப் போனேன். அது ஆறாவது மாடி. படிக்கட்டுப் பக்கம் போன காலைத் திருப்பிக்கொண்டு லிப்டுக்குள் நுழைந்தேன். கதவு சாத்தியதும் கோட்டை நெஞ்சோடு இறுக்கிப் பிடித்துக்கொண்டேன், கசங்கிவிட்டது, மறுபடி இஸ்திரி போட்டுத் தருவதாகச் சொல்லித் திருப்பி எடுத்துவந்துவிட்டேன். இன்றைக்கு அதே கோட்டோடு மறுபடி ஏறினேன். இன்று அவ்வளவு கசங்கவில்லை.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். உங்கள் இரண்டு பேருக்கும் எல்லா நல்லதும் அதது அதன் நேரத்தில் வந்து சேரட்டும், உன் சிரிப்பு உன்கிட்டேயே இருக்கட்டும், அம்மா மனசார வாழ்த்துகிறேன். கிரீமை மறக்காதே, கண்ணாடி விழாமல் இருக்க ஒரு கயிறும் வாங்கிக்கொள். சீட்டு மாறிய விஷயத்தை மேனேஜரிடம் நீயே சொல்லிவிடு, நான் சொன்னால் காரணம் கேட்டே ஆளைக் கொன்றுவிடுவாள். முன் சீட்டில் நான் கண்ணை மூடிக்கொள்வேன், கத்தவும் கத்துவேன், அதற்கெல்லாம் வெட்கப்படாமல் என் கையைப் பிடித்துக்கொள்.

இப்படிக்கு,
உன் பக்கத்தில் உட்காரப்போகிற
அம்மா