தானாக நிற்கும் கார்

என்னங்க,

சின்னவள் இன்றைக்குப் பால் குடித்தாள். காலில் போட்ட மாவுக்கட்டின் மேல் நர்ஸம்மா ஒரு பூனை வரைந்து கொடுத்திருக்கிறார். "அப்பா ஏம்மா வார்டு வாசலோட திரும்பிப் போயிடுறாரு?" என்று கேட்கிறாள்.

அவள் மேல் தப்பில்லை. நீங்கள் காரைப் பின்னால் எடுக்கும்போது அவள் குறுக்கே போய் நிற்பதும், கார் தானாக பிரேக் போட்டு நிற்பதும், "அப்பா தோத்துட்டாரு!" என்று அவள் குதிப்பதும் நம் வீட்டு விளையாட்டுதானே. நானும் கைதட்டியவள்தான்.

உங்கள் மேலும் தப்பில்லை. "என் கால்தான் பிரேக்கை மிதிக்கவில்லை" என்று பார்ப்பவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரியாதீர்கள். மெக்கானிக் வந்து பார்த்தார். செகண்ட் ஹேண்டில் வாங்கிய நம் கார் இப்போது உங்கள் பேருக்கு மாறியதும், தானாக நிற்கும் வசதியைக் கம்பெனி தன் ஆபீசில் இருந்தபடியே நெட் வழியாக எடுத்துவிட்டதாம். "அது முதல் ஓனருக்கு மட்டும்தாம்மா. மெசேஜ் அனுப்பியிருப்பாங்களே?" என்றார்.

அனுப்பியிருந்தார்கள். பேர் மாற்றும் படிவத்தில் நீங்கள் என் நம்பரைத்தானே கொடுத்தீர்கள்? நாம் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்த வாரத்தில் வந்தது. படித்துவிட்டுச் சொல்ல வாயெடுத்தேன். நீங்கள் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனீர்கள். முதலில் அவர் பேசட்டும் என்று நானும் வீம்பாக இருந்துவிட்டேன்.

மெசேஜ் வந்த நான்காம் நாள் நீங்கள்தான் முதலில் பேசினீர்கள். காருக்குப் பின்னாலிருந்து என்னைக் கூப்பிட்டு அலறினீர்கள்.

சின்னவளின் அம்மா