சைலன்சருக்கும் அக்கா காலுக்கும் நடுவே

பிப்ரவரி 8, ஞாயிறு

காலையிலிருந்து கிழக்குக் காற்று. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஓலைச் சத்தம். பத்து மணிக்கு அச்சிலிருந்து கவசத்தைப் பிரித்தேன். ஒரு முழ நீளம், உள்ளங்கையைவிடக் கொஞ்சம் அகலம், கறுப்பு. எடை இருப்பதாகவே தெரியவில்லை.

கார்பன் ஃபைபர். நான்கு அடுக்குத் துணி, அவற்றைப் பிடித்து வைக்கும் ரெசின். எம்.ஏ. தத்துவம் முடித்த பிறகு கோவையில் ஒரு பட்டறையில் எட்டு மாதம் கற்ற வேலை. இரண்டில் எது சோறு போடும் என்று அம்மா கேட்கிறாள். தெரியவில்லை.

எதற்காக இது என்று எழுதி வைக்கிறேன். அக்காவின் வண்டியில் சைலன்சர் மேலே ஏறி, வலது காலை ஒட்டிப் போகிறது. அந்தக் காலின் கெண்டைச் சதையில் அவளுக்கு உணர்ச்சி கிடையாது. இரண்டு வருடம் முன்பு சித்தூர் சாலையில் விழுந்ததில் நரம்பு போனது. கால் அசையும், பிரேக் மிதிக்கும். தோலிலிருந்து மட்டும் சேதி வராது. வண்டியோடு வந்த இரும்புத் தகடு தானே கொதிக்கிறது. போன மாதம் கொப்புளம். அக்காவுக்குத் தெரியாது, அம்மாதான் பார்த்தாள். அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் அந்தக் காலை மடியில் போட்டு, கண்ணாடி மாட்டிக்கொண்டு, பார்க்கிறாள்.

23ஆம் தேதி அக்கா குமுளி தாண்டி, சக்குபள்ளத்தில் வேலைக்குச் சேர வேண்டும்; அங்கேயே ஒரு வீட்டில் தங்கல். சுகாதார நிலையத்தில் மருந்தாளுநர். வண்டியில்தான் போவேன் என்கிறாள்.

"பஸ்ஸுல போனா கொறஞ்சா போயிருவ?"

"பஸ்ஸு எறக்கி உடற எடத்துல இருந்து மூணு கிலோமீட்டர் மேடும்மா. தெனமும் ஆரு நடக்கறது?"

"செரி. அங்க உன்ற கால ஆரு பாப்பா?"

அதற்குத்தான் என்னிடம் இந்தக் கறுப்புத் தகடு.

பிப்ரவரி 9, திங்கள்

கவசத்துக்கும் காப்பு வேண்டும். துணி எவ்வளவு சூட்டையும் தாங்கும். ரெசின் தாங்காது. நிழலில் இறுகிய ரெசின் கொஞ்சம் சூட்டுக்கே இளகும். ஒரு நாளாவது அறுபது டிகிரிக்கு மேல் வைத்து எடுத்தால் பின்னால் அதிகம் தாங்கும். பட்டறையில் அதற்கென்று பெரிய அடுப்பு இருந்தது. இங்கே?

பக்கத்துத் தோட்டம். ரங்கசாமி மாமாவின் கொப்பரை காயும் பாலிதீன் கூடாரம். தெர்மாமீட்டரோடு உள்ளே போய் நின்றேன். மத்தியானம் 64.

"ஏனுங் மாமா, இத உள்ள ரெண்டு நாள் வெச்சுக்கலாமுங்களா?"

திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என்றா இது, ஆமையோடு?"

"அக்கா வண்டிக்குங்க. கால் சுடாம இருக்க."

"வெய்யில்ல காய வெச்சு, வெய்யில் தாங்க வெக்கற. எம்.ஏ. படிச்சா இப்பிடித்தான் யோசன வருமாக்கும்."

கொப்பரைத் தட்டின் ஓரத்தில் இடம் கொடுத்தார்.

வாங்க வேண்டியவை: வெப்பத்தைத் திருப்பும் அலுமினியத் தாள் (பின்பக்கம் பசை உள்ளது). சிலிக்கான் வாஷர். அம்மாவுக்கு மூட்டுத் தைலம்.

பிப்ரவரி 11, புதன்

எடுத்தாயிற்று. விரலால் தட்டினால் சத்தமே வேறு. நல்ல மினுமினுப்பு, ரெசின் இவ்வளவு பளபளக்கும் என்று நினைக்கவில்லை. காய்ந்த துணியால் ஒரு துடை. சைலன்சரைப் பார்க்கும் பக்கம் அலுமினியத் தாள் ஒட்டினேன். வாஷர் வைத்து வண்டியில் மாட்டினேன். சைலன்சருக்கும் கவசத்துக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி.

அந்த ஒரு விரல்தான் முக்கியம். இரும்பு, தாள், ரெசின் எல்லாவற்றையும்விட அங்கே இருக்கும் காற்று. சும்மா இருப்பதாலேயே காக்கிறது. இதைப் பற்றி இரண்டு பக்கம் எழுதலாம் என்று உட்கார்ந்தேன். எழுதவில்லை. மாட்டுக்குத் தண்ணீர் காட்டவில்லை என்று அம்மா கத்தினாள்.

பிப்ரவரி 13, வெள்ளி

சோதனை ஓட்டம். கோபாலபுரம், பொள்ளாச்சி, ஆழியாறு, அங்கிருந்து மலை. சமவெளியில் காற்று ஆற்றிவிடும். மெதுவாக ஏறும்போதுதான் உண்மை தெரியும். அக்கா ஓட்ட, நான் பின்னால். அடிக்கடி கையை நீட்டிக் கவசத்தைத் தொட்டேன். ஐந்தாவது வளைவு வரை வெதுவெதுப்பு.

ஏழாவது வளைவில் வாசனை.

"எங்கியோ சட்னிக்குத் தேங்கா வறுக்கறாங்கடா," என்றாள் அக்கா. சிரித்தோம். சுற்றிலும் பாறை, இரண்டு வரையாடு. சட்னிக்கு வீடு ஏது?

கை நீட்டினேன். சுட்டது. நிறுத்தச் சொன்னேன்.

அலுமினியத் தாள் பாதி உரிந்து, சுருண்டு, சைலன்சர்மேல் கிடந்தது. கவசத்தின் உட்பக்கம் பழுப்பு. ஒரு ரூபாய் அளவுக்குக் குமிழ். அக்கா பாறையில் உட்கார்ந்து பேன்ட்டைச் சுருட்டினாள். கெண்டைக்காலில் சிவப்புப் பட்டை. கொப்புளம் இல்லை. இன்னும் நான்கு வளைவு ஏறியிருந்தால்?

தன் காலை வேறு யாருடைய காலையோ பார்ப்பதுபோலப் பார்த்தாள். "எனக்கு ஒண்ணுமே தெரியலடா."

"தாள் மட்டம்க்கா. கடைக்காரன் ஏமாத்திட்டான்."

இறங்கினோம். ஆழியாறில் டீ. சாயங்காலம் அம்மா சிவப்பைப் பார்த்தாள், எண்ணெய் தடவினாள். ஒரு வார்த்தை மட்டும்: "பஸ்ஸு."

பிப்ரவரி 14, சனி

தாளில் குறை இல்லை.

காலையில் கவசத்தைக் கழற்றி உட்பக்கத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டேன். பரவவில்லை. முத்துப்போல உருண்டு ஓடியது. விரலை முகர்ந்தேன். தேங்காய் எண்ணெய்.

கொப்பரை காயும் கூடாரத்தில் காற்றே எண்ணெய். இரண்டு நாள் அதில் கிடந்த தகடு. நான் ரசித்த மினுமினுப்பு ரெசினுடையது அல்ல. எண்ணெய்மேல் பசை எப்படி நிற்கும்? மலையில் வந்த வறுத்த தேங்காய் வாசனையும் இந்த எண்ணெய் தீய்ந்ததுதான்.

இதை அக்காவிடம் சொல்லாமல் இருக்க முடியும். கடைக்காரன் கெட்டவனாகவே இருந்துவிடுவான், அவனுக்கு ஒன்றும் நஷ்டமில்லை. மத்தியானம் வரை இப்படி யோசித்தேன். அவள் கால் அவளிடம் எதையும் சொல்வதில்லை. நானும் சொல்லாவிட்டால்?

சொன்னேன். துணி மடித்துக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள்.

"ஏண்டா, எண்ணெ தேச்ச தோல்ல பிளாஸ்திரி நிக்குமா? மொதல்ல ஸ்பிரிட்டு போட்டுத் தொடைக்கோணும். மருந்துக்கடைல தெனம் பத்துப் பேருக்குச் சொல்லியிருப்பேன்."

"என்கிட்டச் சொல்லல."

"நீ கேட்டியா? பெரிய விஞ்ஞானி."

மறுபடி துணியை மடித்துக்கொண்டே: "இன்னொண்ணு செய்ய முடியுமா? ஒம்போது நாள்தான் இருக்குது."

அச்சு இருக்கிறது. துணி போதும். முடியும் என்றேன்.

பிப்ரவரி 17, செவ்வாய்

புதுக் கவசம். மறுபடி அதே கூடாரம், வேறு வழியில்லை. இந்த முறை அக்காவின் ஹாஸ்டல் தகரப் பெட்டிக்குள் வைத்து, மூடி இடுக்கில் டேப் ஒட்டி, பெட்டியோடு உள்ளே.

"பொட்டியில என்றா, நகையா?" என்றார் மாமா.

"உங்க எண்ணெ உள்ள போவாம இருக்கறதுக்குங்க."

"என்ற எண்ணெய வேண்டாங்கற மொதல் ஆளு நீதான்."

பிப்ரவரி 19, வியாழன்

அக்கா ஸ்பிரிட்டும் பஞ்சும் கொண்டுவந்தாள். நான்கு முறை துடைத்தாள், ஊசி போடுமுன் துடைப்பதுபோல. தண்ணீர் விட்டுப் பார்த்தோம். உருளவில்லை, பரவியது. தாள் ஒட்டினோம். பசையை மட்டும் நம்பவில்லை. நான்கு மூலையிலும் எவர்சில்வர் திருகு. தாள் உரிந்தாலும் சைலன்சர்மேல் விழாது.

பிப்ரவரி 20, வெள்ளி

அதே மலை. ஏழாவது வளைவு தாண்டியது. ஒன்பது. இருபது. மூக்கை விரித்து வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். தேயிலை வாசனை மட்டும். நாற்பதாவது வளைவில் கவசத்தின் வெளிப்பக்கம் 43 டிகிரி. தாள் அசையவில்லை. காலில் சிவப்பு இல்லை.

மேலே குளிர். அக்கா தானாக ஒரு வழக்கம் பிடித்துவிட்டாள். வண்டியை நிறுத்தியதும் ஹெல்மெட் கழற்றுமுன் குனிந்து கவசத்தில் கை வைக்கிறாள்.

வீட்டில் அம்மா காலைப் பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள். 'பஸ்ஸு' என்று சொல்லவில்லை.

பிப்ரவரி 22, ஞாயிறு

காற்று நின்றுவிட்டது. ஐந்தரைக்கு அக்கா கிளம்பினாள். நானும் வருகிறேன் என்றேன். "திரும்பி எப்பிடி வருவ, பஸ்லயா?" அம்மாவைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். அம்மா சிரிக்கவில்லை. பையில் வைத்துக் கொடுத்தாள்: புளிசாதம், தைலம், கால் பார்க்கும் தன் கண்ணாடி. கண்ணாடி எதற்கு என்று யாரும் கேட்கவில்லை.

8.10 பழனியிலிருந்து சேதி. "தொட்டேன். பரவால்ல."

11.00 தேனி. "தொட்டேன். இட்லி கல்லு மாதிரி."

தோசைக்கல் மாதிரிச் சூடோ என்று பயந்து போன் செய்தேன். கல்லு மாதிரி இருந்தது கவசம் இல்லை, ஹோட்டல் இட்லியாம்.

1.30 குமுளி. மேடு முடிந்தது. கவசத்தின்மேல் விரித்த கை, படம். கீழே: "சூடு இருக்குது. சுடல."

அம்மாவிடம் காட்டினேன். போனைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தாள்.

"கைய எதுக்குடா காட்டறா? காலக் காட்டச் சொல்லு."

அனுப்பினேன். பதில் இல்லை. மாட்டுக்குத் தண்ணீர் காட்டினேன். அம்மா வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்தாள்.

3.20. முதலில் ஒரு குரல் பதிவு. பேசுவது, அக்கா தங்கும் வீட்டுக்கார அம்மாவாக இருக்க வேண்டும்: "ஏந் தாயி, வந்ததும் வராததுமா காலைப் போட்டோ பிடிக்கச் சொல்லுத? சரி, நீட்டு."

அப்புறம் படம். ஈரத் தரை, சுருட்டிய பேன்ட், வலது கால். அம்மா கண்ணாடியைத் தேடினாள். அது சக்குபள்ளத்தில் என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

"நீ பாத்துச் சொல்லு."

பெரிதாக்கினேன். மேலிருந்து கீழே, பிறகு கீழிருந்து மேலே. பழைய தழும்பு மட்டும்.