குழாய் வழி ஊட்டம் பெறுவோர்

மார்ச் 28

இன்று காலை, சகல விளைவுகளையும் சீர்தூக்கிப் பார்த்தபின், என் மேசையை ஜன்னல் பக்கம் திருப்பிப் போடுவது என்று முடிவெடுத்தேன். பல ஆண்டுகளாகச் சுவரை மட்டுமே பார்த்துப் பழகிய மேசை. அதன் கருத்தைக் கேட்கவில்லை. நானும் கணக்கரும் தள்ளினோம். மேசை வந்தது, ஒரு கால் வரவில்லை. அதற்கு அடியில் ஒரு பழைய மருத்துவ இதழை மடித்து வைத்திருக்கிறேன். அந்த இதழால் யாராவது பயனடைந்தது இதுவே முதல் தடவையாக இருக்கலாம்.

ஜன்னல் பக்கத்தில்தான் இணையம் கிடைக்கிறது. காலாண்டு முன்னேற்ற அறிக்கையை இனித் தாளில் வாங்கமாட்டார்களாம். அரசின் ஆராய்ச்சி நிதித் தளத்தில் நேரடியாகப் பதிய வேண்டும்.

இரவு கணவரிடம் சொன்னேன். கல்லூரியில் தத்துவம் நடத்துகிறவர், எதையும் நேராகப் பேசமாட்டார். "மேசை திரும்பியாச்சு, சரி. நிதி திரும்புமா?" என்றார்.

ஏப்ரல் 3

தளத்துக்குள் நுழைந்தாயிற்று. கணக்கர் அதற்கு 'மகராசி' என்று பெயர் வைத்திருக்கிறார். "மகராசி காலைல எழுந்திரிக்க மாட்டா டாக்டர். மத்தியானத்துக்கு மேல பாப்போம்."

மத்தியானத்துக்கு மேல் எழுந்தாள். திட்டத்தின் முன்னேற்றத்தை ஒரே ஓர் அளவீட்டில் காட்டச் சொன்னாள். அதை நாமாக எழுத முடியாது, பட்டியலிலிருந்து எடுக்க வேண்டும். வழங்கப்பட்ட கொசுவலைகள். நடத்தப்பட்ட முகாம்கள். ஒட்டப்பட்ட சுவரொட்டிகள். எங்கள் வேலை, பக்கவாதம் வந்து விழுங்கும் சக்தியை இழந்தவர்களின் வீடுகளுக்கே போய் மறுபடி விழுங்கப் பழக்குவது. மூக்கு வழியாக வயிற்றுக்கு இறங்கும் குழாயில் மாதக்கணக்காகச் சாப்பிடுகிறவர்கள் அவர்கள். எத்தனை பேருக்கு அந்தக் குழாயை எடுக்க முடிகிறது என்பதுதான் ஆராய்ச்சி. விழுங்குவதைப் பற்றிப் பட்டியலில் ஒரு சொல் இல்லை.

கீழே, கடைசிக்கு முன்னால் ஒன்று இருந்தது: 'குழாய் வழி ஊட்டம் பெறுவோர் எண்ணிக்கை'. "நம்மளுது இதுதான் டாக்டர், குழாய்னு போட்டிருக்கான் பாருங்க" என்றார் கணக்கர். எனக்கும் அப்படித்தான் பட்டது. முந்தைய காலாண்டில் இருபத்து மூன்று பேர், இந்தக் காலாண்டில் பதினேழு. ஆறு பேர் வாயால் சாப்பிடுகிறார்கள். பெருமையோடு சமர்ப்பித்தேன்.

கட்டம் சிவப்பானது. 'இலக்கிலிருந்து பின்னடைவு. முதல் எச்சரிக்கை.'

ஏப்ரல் 4

உதவி மையத்தில் ஒரு பையன் குரல். நல்ல பையன், பொறுமைசாலி.

"மேடம், சிவப்பா இருந்தா நம்பர் கொறஞ்சிருக்குன்னு அர்த்தம்."

"குறையணும்னுதாம்பா வேலையே செய்யறோம்."

"கொறையறதுக்கு எதுக்கு மேடம் கவர்மென்ட் காசு குடுக்குது?"

நான் விளக்கினேன். கொசுவலையில் தொடங்கிச் சுவரொட்டி வரை வந்தேன். அவன் கேட்டுக்கொண்டான். அளவீட்டை மாற்ற ஒரு பொத்தான் இருக்கிறதாம். சிவப்பில் இருக்கும் திட்டத்துக்கு அது வேலை செய்யாதாம். "பச்சையானதும் மாத்திக்கலாம் மேடம்."

பச்சையானபின் எதற்கு மாற்றுவது? கேட்கவில்லை. விளக்கம் எழுத ஒரு பெட்டி உண்டு. காற்புள்ளி போட்டால் ஏற்காது. ஒரு காற்புள்ளிகூட இல்லாமல் எழுதி அனுப்பினேன். படித்துப் பார்த்தபோது மூச்சு வாங்கியது.

மே 19

விழுங்கல் டீச்சரோடு களத்துக்குப் போனேன். அவர் எங்கள் திட்டத்தின் ஒரே சிகிச்சையாளர். அந்தப் பெயரை வைத்தது நோயாளிகள். இன்று தையல்காரர் வீடு. ஒரே அறை, அதில் பாதி தையல் மெஷின், மீதியில் கட்டில். சுவரில் கத்தரித்த காகிதக் கைகளும் காலர்களும் ஆணியில் தொங்குகின்றன.

டீச்சர் அவர் தொண்டைமேல் இரண்டு விரலை வைத்து, ஒரு ஸ்பூன் தண்ணீர் கொடுத்தார். "தாடையை நெஞ்சோட ஒட்டுங்க. ம்... முழுங்குங்க. இப்ப வெறும் வாயோட இன்னொரு தடவை."

தையல்காரர் குழறலாக ஏதோ சொன்னார். மனைவி மொழிபெயர்த்தார். "கழுத்துக்கு அளவெடுக்கறீங்களான்னு கேக்கறாரு. இதே பொழப்பு, டீச்சரம்மா வந்தாலே நக்கல்தான்."

கிளம்பும்போது தையல்காரர் என்னைப் பார்த்து மறுபடி ஏதோ சொன்னார். என் சட்டையின் வலது தோள் இறங்கியிருக்கிறதாம். வீட்டில் வந்து கண்ணாடியில் பார்த்தேன். இறங்கித்தான் இருக்கிறது.

ஜூன் 11

தையல்காரருக்குக் குழாய் எடுத்தாயிற்று.

எக்ஸ்ரே அறையில் வைத்துப் பார்த்தோம். மசித்துக் கொடுத்தது நேராக உணவுக்குழாயில் இறங்கியது. ஒரு சொட்டுகூட மூச்சுக்குழாய்ப் பக்கம் போகவில்லை. டீச்சர் திரையைப் பார்த்துக் கையைத் தட்டிவிட்டு, பிறகு தட்டியதற்காக வெட்கப்பட்டார். குழாயை உருவும்போது தையல்காரருக்குக் கண்ணில் நீர் வந்தது. யாருக்கும் வரும், மூக்கு அப்படி.

மசித்த உணவு மட்டும், தண்ணீராக எதுவும் இன்னும் கூடாது, டீச்சர் வாரம் இரண்டு முறை வந்து பார்ப்பார் என்று எழுதிக் கொடுத்தேன். மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டார். "டீ குடிக்கணும்னு ஒரே அடம் டாக்டர். எப்ப குடுக்கலாம்?"

"டீச்சர் சொல்லட்டும். அதுவரைக்கும் வேண்டாம். அவருக்குப் புரையேறினா இருமல் வராது, நமக்குத் தெரியாமலே நுரையீரலுக்குப் போயிடும்."

"அவங்க எப்பம்மா சொல்லுவாங்க?"

"சீக்கிரம்" என்றேன்.

ஜூலை 2

பன்னிரண்டு.

சிவப்பு. இரண்டாம் எச்சரிக்கை என்று நினைத்தேன். இரண்டாம் தடவைக்கு எச்சரிக்கை கிடையாதாம். 'நிதி நிறுத்திவைக்கப்பட்டது.'

ஜூலை 3

டீச்சரின் ஒப்பந்தம் இந்த மாதக் கடைசியோடு முடிகிறது. புதுப்பிக்க நிதி வேண்டும். கணக்கர், "அப்பவே சொன்னேனே" என்றார். என்ன சொன்னார் என்று இருவருக்கும் ஞாபகம் வரவில்லை.

ஜூலை 8

மறுபடி உதவி மையம். அதே பையன். என் குரலை அடையாளம் கண்டுகொண்டான், அதுவே ஒருவகை உறவு.

"மேடம், ஒரு வழி சொல்றேன். நான் சொன்னேன்னு சொல்லாதீங்க. நம்பரை மாத்த மூணு நாள் டைம் இருக்கு. பதினெட்டுன்னு போடுங்க. யாரு வந்து எண்ணப் போறாங்க?"

"அந்த நம்பர்தான்பா என் ஆராய்ச்சியே."

"அதான் மேடம். உங்க நோட்டுல கரெக்டா வெச்சுக்கோங்க. இங்க எங்களுக்கு வேண்டியதைப் போடுங்க."

போடவில்லை.

இரவு கணவர் தட்டைக் கழுவிக்கொண்டே கேட்டார். "பொய் சொல்ல மனசு வரல. புரியுது. ஆனா நீ சொல்ற உண்மைய யாரு படிக்கறாங்க?"

"மெஷின்."

"மெஷின்கிட்ட எதுக்கு இவ்வளவு மரியாதை?"

இவர் மாணவர்களிடமும் இப்படித்தான் பேசுகிறாரா? பாவம் அவர்கள். என்னிடம் பதில் இருந்தது: எண்ணைத் திருத்தி ஒருவன் மாட்டிக்கொண்டால் எல்லாத் திட்டத்தையும் சந்தேகிப்பார்கள், இன்று ஒன்று என்றால் நாளை பத்து. அருமையான பதில். சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கே கேட்டிருக்கும்.

ஜூலை 11

மூன்று நாள் கெடு முடிந்தது. பன்னிரண்டு, பன்னிரண்டாகவே இருக்கிறது.

நிதி வழங்கும் துறைக்குக் கடிதம் அனுப்பியிருக்கிறேன். காற்புள்ளிகளோடு.

ஜூலை 30

டீச்சர் வந்து எதிரில் உட்கார்ந்தார். ஒரு தனியார் மருத்துவமனையில் ஒன்றாம் தேதி சேரச் சொல்கிறார்களாம். பைக்குள் கடிதம் இருந்தது, எடுக்கவில்லை.

"விட்டுட்டுப் போறேன்னு நினைக்காதீங்க மேடம். ரெண்டு பிள்ளைங்க. இருந்தா சும்மா இருக்கணும்."

"போங்க. நானா இருந்தாலும் போவேன்."

"தையல்காரர்தான் மனசுல நிக்கறாரு. இன்னும் ஆறு வாரம் வந்திருந்தா தண்ணிக்கு மாத்தியிருப்பேன். அவர் சம்சாரத்துக்கு எல்லாம் சொல்லிக் குடுத்திருக்கேன். ஆனா அவங்க இரக்கப்படறவங்க மேடம். அதான் பயம்."

கதவுவரை போய்த் திரும்பி, "தோளைத் தைச்சு வாங்கிட்டீங்களா?" என்று கேட்டார். சிரிக்க முயன்றோம்.

ஆகஸ்ட் 14

துறையிலிருந்து பதில். என் கடிதம் மதிக்கப்படுகிறதாம். இத்தகைய கோரிக்கைகளைத் தளத்தின் வழியாக மட்டுமே பரிசீலிக்க முடியுமாம்.

ஆகஸ்ட் 22

நானே போனேன் தையல்காரர் வீட்டுக்கு. புறநோயாளிகள் கூட்டம் முடிந்து, பஸ் பிடித்து. போய் என்ன செய்தேன்? நாடி பார்த்தேன். நான் மூளை நரம்பு மருத்துவர். எங்கே அடைப்பு என்று படம் பார்த்துச் சொல்வேன். தொண்டைமேல் இரண்டு விரலை வைத்தேன், அது எதையும் சொல்லவில்லை. அவர் என்னைக் கிண்டல் செய்யவில்லை. அதுதான் சங்கடமாக இருந்தது.

ஒரு சட்டைக் கையைத் தைக்க ஆரம்பித்திருக்கிறார். இடது கையாலேயே.

செப்டம்பர் 9

காலையில் போன். மனைவி.

"நான்தான் குடுத்தேன் டாக்டர். முந்தாநாள். கல்யாண நாளு. ஒரு வாய் டீ கேட்டாரு. தாடைய ஒட்டித்தான் குடுத்தேன், டீச்சரம்மா சொன்ன மாதிரியே... இருமவே இல்ல. நல்லாத்தான இருக்காருன்னு முழு கப்பும் குடுத்துட்டேன். இன்னிக்கு உடம்பு அனலா கொதிக்குது. மூச்சு விட முடியல."

இருமவில்லை. ஆமாம். இருமமாட்டார்.

செப்டம்பர் 10

நிமோனியா. இரண்டு பக்கமும்.

என்னத்தப் பண்ணித் தொலைச்சேன். ஒரு நம்பர். பன்னிரண்டை அழிச்சுட்டுப் பதினெட்டு. ரெண்டு எழுத்துத் தட்டற வேலை — ஒரு பொம்பள வருவா, தொண்டையத் தொட்டுப் பார்ப்பா, 'இன்னும் வேண்டாம்'னு சொல்லுவா. அவ்வளவுதானே வேணும். அதுக்கு நான் நேர்மை பேசிட்டு உக்காந்திருந்தேன். யாருகிட்ட? மகராசிகிட்ட.

மனைவி வராந்தாவில் உட்கார்ந்து, "என் கையால, என் கையால" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார். உங்க கை இல்லம்மா என்று சொன்னேன். யார் கை என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் — தெரியவில்லை.

செப்டம்பர் 11

கணவர் சாப்பாடு கொண்டுவந்து வார்டிலேயே வைத்துவிட்டு, எதுவும் சொல்லாமல் போனார். தத்துவம் படித்தவர் எதுவும் சொல்லாமல் போனால் நிலைமை மோசம் என்று அர்த்தம்.

செப்டம்பர் 17

காய்ச்சல் இறங்கியது. பிழைத்துக்கொள்வார். குரல் அநேகமாக இல்லை. டீயைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

டீச்சருக்குச் சொல்லவில்லை. கணக்கர் சொல்லிவிட்டார் போலிருக்கிறது. மாலையில் டீச்சர் வேலை முடிந்து வந்து, கட்டில் ஓரமாக நின்று, அவர் தொண்டையைத் தொட்டுப் பார்த்தார். வெகுநேரம். பிறகு கையைக் கழுவிக்கொண்டு போனார்.

செப்டம்பர் 24

தையல்காரருக்கு மறுபடி மூக்குக் குழாய் போட்டோம். நான்தான் போட்டேன். இந்த முறையும் கண்ணில் நீர் வந்தது. மூக்கு அப்படி என்று எழுத வந்தேன். எழுத வரவில்லை.

அக்டோபர் 2

மத்தியானம் தளம் எழுந்தது. ஆகஸ்டிலிருந்து களப்பணி இல்லாததால் வேறு யாருக்கும் குழாய் எடுக்கவில்லை. முந்தைய காலாண்டு பன்னிரண்டு. இந்தக் காலாண்டு பதின்மூன்று. சமர்ப்பித்தேன்.

கட்டம் பச்சையானது. நிறுத்திவைத்த நிதியை விடுவித்து நாலு மணிக்குச் செய்தி வந்தது.