கன்னத்தில் இருப்பது பரு இல்லை

என்னங்க,

போன்ல சொல்ல ஆரம்பிச்சா அழுதுடுவேன். அதான் எழுதறேன். கப்பல்ல வேலை முடிஞ்சதும் தனியா உக்காந்து படிங்க.

பாப்பாவுக்கு அடிக்கடி தூக்கிவாரிப் போடுதேன்னு நானும் அத்தையும் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனோம். டாக்டரம்மா விளக்கை அணைச்சுட்டு, அவ முதுகுல ஒரு நீல வெளிச்சம் அடிச்சாங்க. நாம தேமல்னு விட்ட வெள்ளைத் திட்டெல்லாம் இலை இலையா பளிச்சுன்னு தெரிஞ்சுது.

"மாசமா இருக்கறப்போ வாயைக் கட்டுன்னு தலையால அடிச்சுக்கிட்டேன், கேட்டாளா?"ன்னு அத்தை வழக்கம்போல ஆரம்பிச்சாங்க.

டாக்டரம்மா அதைக் காதுலயே போட்டுக்கல. "அப்பா போட்டோ இருக்கா?"ன்னாங்க. போன்ல காட்டினேன். உங்க கன்னத்தைப் பெரிசாக்கிப் பார்த்துட்டு, "இது பரு இல்லைம்மா. இதுவும், குழந்தையோட திட்டும், வலிப்பும் ஒரே நோய்தான், பரம்பரையா வர்றது. அவர்கிட்டேருந்துதான் குழந்தைக்கு வந்திருக்கும்"னாங்க. அப்புறம்தான் அத்தை சொன்னாங்க, நான் பார்த்தே இராத உங்க அப்பாவுக்கும் மூக்கோரமா அப்படித்தான் இருக்குமாம். வலிப்பும் வருமாம்.

உங்க மேல எனக்குக் கோபமே இல்லைங்க. அந்தக் கன்னத்துல எத்தனை க்ரீம் தேய்ச்சு விட்டிருக்கேன்! பாப்பாவுக்கு மருந்து ஆரம்பிச்சாச்சு. நீங்களும் வந்து ஸ்கேன் எடுக்கணுமாம்.

"அடுத்த குழந்தைக்கும் வர பாதிக்குப் பாதி வாய்ப்பு இருக்கு"ன்னு டாக்டரம்மா சொன்னப்போ, என் கை தன்னால வயித்துக்குப் போயிடுச்சு. அத்தை அதைப் பார்த்துட்டாங்க. பாப்பாவை என் மடியிலேருந்து வாங்கிக்கிட்டு, "நீ இனிமே பாரம் தூக்காதேம்மா"ன்னாங்க.

சீக்கிரம் வந்துடுங்க.

உங்க பாப்பாவோட அம்மா