ஒலிபெருக்கியா, மின்னுந்தா

புரட்டாசி 14, செவ்வாய்.

நேற்று மின்னுந்துக்கு மின்னேற்ற மறந்தேன். திருத்துறைப்பூண்டி அருகே நான் பேசவேண்டிய களத்துமேட்டுக் கூட்டத்தை அடைந்தபோது மின்கலம் ஏறத்தாழத் தீர்ந்திருந்தது. அங்கே மோட்டார்க் கொட்டகையில் ஒரே ஓர் இணைப்புதான்.

“மைக்கா வண்டியா, சொல்லுங்கய்யா,” என்றார் ஒலிபெருக்கிக்காரர்.

எட்டு மணிக்கு வீட்டில் துணைவிக்கு நான்தான் ஊசி போட வேண்டும். “வண்டி,” என்றேன்.

தொடக்க நாள்களில் ஒலிபெருக்கியின்றியே திடல் அதிரப் பேசியவன் நான். இன்றோ மூன்றாம் வரிசையைத் தாண்டவில்லை குரல்.

“ஒண்ணும் கேக்கலங்க,” என்றார் பின்வரிசை அம்மையார். “கத்தாதீங்க, நாங்க வர்றோம்.”

நாற்காலிகளைத் தூக்கிவந்து என்னைச் சூழ்ந்து அமர்ந்தனர். அந்நாளில் போலவே இடைமறித்துக் கேள்வி கேட்டனர். முகம் பார்த்து விடை சொன்னேன்.

எட்டுக்குள் வந்து ஊசி போட்டேன். “கூட்டம் எப்படிங்க?” என்றாள்.

“பழைய மாதிரி,” என்றேன், கம்மிய குரலில்.